நிரலுக்கும் ஒரு பாயிரம்

எங்கள் விடுதியில் கணிப்பொறியியல் பயிலும் நண்பர் ஒருவர் உளர். அவர் தந்தையார் உசிலம்பட்டிப் பக்கத்தில் தமது தோட்டத்து மல்லிகையை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குக் கொண்டுவருபவர். பூவின் விலை விடியலில் ஒன்றும் வெயிலேறியபின் ஒன்றுமாய் மாறும் இயல்பினது. எடை, விலை, கடைக்காரர் கமிஷன், முன்பணத்திற் கழிவு ஆகியவற்றைத் துண்டுச்சீட்டுகளிற் குறித்துவைத்து மாதக்கடைசியிற் கூட்டிப் பார்ப்பது அவ்வீட்டாருக்குப் பெருந்தொல்லை. சென்ற விடுமுறையில் நண்பர் அதற்கென்று கைப்பேசியில் இயங்கும் சிறு மென்பொருள் ஒன்றைத் தாமே எழுதிக் கொடுத்தார். அங்ஙனமிருந்தும், உத்தியோகம் நாடி அவர் லிங்க்ட்இன் தளத்தில் எழுதிவைத்த தம் வரலாற்றில் இரண்டுமணிப் பயிற்சிகளுக்குப் பெற்ற நற்சான்றுப் பத்திரங்கள் ஒன்பது காணப்பட்டனவேயன்றி இம்மென்பொருள் காணப்படவில்லை. ஏனென்று வினவினேன். "பூக்கணக்கை ஊரார்முன் காட்டுவது தற்பெருமையன்றோ?" என்றார்.

தமிழ் மாணவனாகிய யான் இதற்கு விடையைப் பவணந்தி முனிவரிடமே தேடினேன். அரியவற்றைத் தோற்றுவித்துத் துறை பல முடித்தவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாதென்று நன்னூற் பாயிரம் கூறுவது மெய்யே. ஆயினும் அதனையடுத்து நான்கு இடங்களுக்கு விலக்கும் அளிக்கின்றது. அரசனவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடையே நிற்கும்போதும், அவையில் வாதிட்டு வெல்லும்போதும், எதிரி தன்னைப் பழித்தபோதும் புலவன் தன்னைப் புகழலாம். வேலைக்கு விண்ணப்பம் விடுப்பவன் முதலிரண்டு இடத்திலும் ஒருங்கே நிற்பவனல்லனோ? வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாதென்னும் வேதவசனத்தையும் நண்பர் எடுத்துக்காட்டினார். அது தருமஞ் செய்வதைக் குறித்ததென்றும், விளக்கை மரக்காலால் மூடுவதைப் பற்றியும் அதே மலைப்பிரசங்கத்தில் ஒரு சொல் உண்டென்றும் நினைப்பூட்டினேன்.

2003ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற லிங்க்ட்இன், ஒருவர் தம்மை இன்னாரென்று அறிவிக்கும் வாயில். 2008இல் தோன்றிய கிட்ஹப்போ நிரலையே வைத்துக் காட்டும் களஞ்சியம். வாயிலில் ஒரு சுட்டி நாட்டினால் காண்போர் களஞ்சியத்துள் நுழைந்து பார்ப்பர். அங்கே எந்நாளில் எவ்வரி எழுதப்பட்டது, எது திருத்தப்பட்டது என்பவெல்லாம் வரிசையாய்ப் பதிவாகியிருக்கும். கடையில் விலைக்கு வாங்கிய புராஜெக்டுகள் ஒரே நாளில் முழுவளர்ச்சியோடு வந்து இறங்குவதை அவ்வரிசையே காட்டிக்கொடுத்துவிடும். இப்பதிவு முறைக்கு அடிப்படையான கிட் என்னும் கருவியை 2005இல் ஆக்கியவர் லைனஸ் டோர்வால்ட்ஸ். அவர் 1991இல் ஹெல்சிங்கியில் மாணவராயிருந்தபோது, தாம் எழுதிவந்த இயங்குதளத்தை, வெறும் பொழுதுபோக்கு, பெரிதாகாது என்று சொல்லித்தான் இணையத்தில் அறிவித்தார். இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளெல்லாம் அதன் கருவின்மீதே இயங்குகின்றன. பூக்கணக்குக்கு நாணியவர்க்கு இதைச் சொன்னபின்னரே சற்றுத் தைரியம் பிறந்தது.

ஆனால் நிரலை மட்டும் ஏற்றிவைத்தல் பாயிரமில்லாத நூலை நீட்டுவதாகும். ரீட்மீ என்று வழங்கும் முகப்புரையை எங்ஙனம் எழுதுவதென்று நண்பர் திகைத்தபோது, யான் நன்னூல் வகுத்த எட்டையுமே வரிசையாய்க் கேட்டேன். ஆக்கியோன் யார்? எவர் நிரலை வழியாகக் கொண்டது? எக்கருவிகளின் எல்லைக்குள் இயங்கும்? பெயர் என்ன? எப்பகுதிகளால் யாக்கப்பட்டது? நுதலிய பொருள் யாது? யாருக்கு உரியது? பயன் என்ன? ஒரு மாலைப்பொழுதில் முகப்புரை முடிந்தது. வழி என்பதே பலர் மறைக்கும் இடம். பிறர் எழுதியதைப் பிறருடையதென்று குறித்தல் கட்டாயம். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்து மின்னூல்களில் தட்டச்சிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் முகப்பிலேயே நிற்பதைத் தமிழ் மாணவர் அறிவர். இனி, பாயிரம் சொல்லுதற்குரியார் ஆசிரியர், உடன்கற்றோர், மாணாக்கர், உரைகாரர் என்பதும் நன்னூல் முடிபு. லிங்க்ட்இன்னில் பரிந்துரை எழுதும் பகுதியும் அத்தகையோர்க்கே தக்கது. முகமறியாதார் நூறுபேர் எழுதினும் பயனில்லை.

ஏற்றுமுன் இரண்டு காரியங்கள் செய்தோம். தந்தையாரின் மெய்க்கணக்கை நீக்கிக் கற்பனைக் கணக்கை வைத்தோம். நிரலுக்குள் இருந்த கடவுச்சொல்லையும் மாற்றினோம். ஏனெனில் ஒருமுறை ஏறிய கடவுச்சொல் பின்பு அழித்தாலும் பழைய பதிவுகளிற் கிடக்கும். உரிமக்குறிப்பை மட்டும் மறந்தோம். அஃதில்லாவிடில் பிறர் நிரலைக் காணலாமேயன்றி எடுத்தாள உரிமை பெறார். பிற்பாடே சேர்த்தோம்.

வேலை இன்னும் கிட்டவில்லை, விண்ணப்பங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. ஆயின் ஏற்றிய மூன்றாம் வாரத்தில் முகமறியாத ஒருவர், கமிஷனைக் கணக்கிடும் வரியில் பைசாக்களை முழு ரூபாயாக்குமிடத்துப் பிழையிருப்பதைச் சுட்டி எழுதினார். சரிபார்த்தோம், அவர் சொன்னதே சரி. பிழையும் திருத்தமும் தேதியோடு இப்போது அங்கே நிற்கின்றன. கடைக்காரர் சீட்டும் தம் கைப்பேசியும் ஒத்துவராமையால் இத்தனை நாளும் கடைக்காரரையே ஐயுற்றிருந்த தந்தையார், மறுநாட் காலை மாட்டுத்தாவணியில் அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தாராம்.