மூன்றாம் நாள் ஏன் அவ்வளவு கடினம்?

புதுச்சேரி முதலியார்பேட்டையில் ஏ.எஃப்.டி. ஆலையைத் தாண்டிக் கடலூர் சாலையில் நடந்தால் டீக்கடைக்குப் பஞ்சமில்லை. சிகரெட்டை விட்டவருக்கு அந்தக் கடைகள்தான் பெரிய சோதனை. கிளாஸ் கைக்கு வந்ததும் விரல்கள் தீப்பெட்டியைத் தேடும்.

ஏன்? புகையை இழுத்த 10 முதல் 20 விநாடிகளில் நிக்கோட்டின் மூளையை எட்டி, டோபமைனைச் சுரக்கவைக்கிறது. சுமார் 2 மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். அடுத்த சிகரெட்டுக்கு மனம் அலையும். நாள்பட்டுப் புகைப்பவரின் மூளையில் நிக்கோட்டினைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளும் பெருகிவிடுகின்றன. நிறுத்தியதும் அவை அத்தனையும் பட்டினி. எரிச்சல், தூக்கமின்மை, கவனச்சிதறல் எல்லாம் 2, 3 நாட்களில் உச்சம் தொட்டு, 2 முதல் 4 வாரங்களில் பெரும்பாலும் அடங்கும். மூன்றாம் நாள் தோற்றவரைக் கோழை என்பது அநியாயம்.

பீடிக்கு மாறுவது தீர்வல்ல. அதிலும் நிக்கோட்டின் உண்டு.

வேட்கை எழுந்தால் சில நிமிடங்களில் தணியும். அதுவரை டீக்கடையிலிருந்து நகர்ந்துவிடலாம். மருத்துவர் சொல்லும் அளவில் நிக்கோட்டின் சூயிங்கமும் கைகொடுக்கும். தனியாகப் போராடவும் வேண்டாம்: 2016இல் தொடங்கிய 1800-11-2356 என்ற இலவச உதவி எண், 2018 முதல் சிகரெட் பெட்டியிலேயே அச்சாகிறது.

வயதானவர்களும் தயங்க வேண்டியதில்லை. 1951இல் தொடங்கிய பிரிட்டிஷ் மருத்துவர்கள் ஆய்வில், 60 வயதில் விட்டவர்களுக்கும் சுமார் 3 ஆண்டு ஆயுள் கூடியது. 30 வயதில் விட்டவர்களுக்கு 10 ஆண்டு.