கொடுக்கும்போது தெரியாது, திருப்பும்போது தெரியும்



"அவங்க எல்லார்கிட்டயும் நல்லாப் பழகுறாங்க, நோட்டு, பாஸ்புக் எல்லாம் அவங்ககிட்டயே இருக்கட்டும்." பல குழுக்களில் கேட்கிற பேச்சு இது. நல்லாப் பழகுவதும் நாணயமும் ஒன்றுதானா? இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

1995-ல் அமெரிக்காவில் ஜாய்ஸ் பெர்க் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் ஒரு விளையாட்டு நடத்தினார்கள். ஓர் அறையில் இருப்பவரிடம் 10 டாலர் கொடுத்தார்கள். அதில் விருப்பப்பட்டதை அடுத்த அறையில் இருக்கும், முகம் தெரியாத ஒருவருக்கு அனுப்பலாம். அனுப்பிய பணம் மூன்று மடங்காகிப் போய்ச் சேரும். வாங்கியவர் கொஞ்சம் திருப்பி அனுப்பலாம். மொத்தத்தையும் வைத்துக்கொள்ளவும் செய்யலாம், யாரும் கேட்க மாட்டார்கள். (நம்ம உள்கடனில் கேட்பதற்கு ஆள் உண்டு, அதுதான் வித்தியாசம்!) 32 பேரில் 30 பேர் ஏதாவது ஒரு தொகை அனுப்பினார்கள். சராசரி 5 டாலருக்குச் சற்று மேல். திரும்பி வந்தது சராசரியாக 5 டாலருக்கும் குறைவு. சிலர் தாராளமாகத் திருப்பினார்கள், சிலர் ஒன்றுமே திருப்பவில்லை.

ஏன் இந்த வித்தியாசம்? 2002-ல் வந்த இன்னொரு ஆய்வு குணத்தைப் பார்த்தது. "காரியம் ஆனால் போதும், அதற்கு யாரையும் வளைக்கலாம்" என்கிற தந்திர குணம் யாருக்கு எவ்வளவு என்று முதலில் கேள்விகள் கேட்டு அளந்துகொண்டார்கள். பிறகு இதே மாதிரி ஒரு விளையாட்டு. முதலில் நம்பிப் பணத்தை விடுவதில் தந்திரக்காரருக்கும் மற்றவருக்கும் வேறுபாடு தெரியவில்லை. அடுத்தவர் நம்பி விட்ட பணம் தன் கைக்கு வந்தபோதுதான் தெரிந்தது. தந்திரக்காரரில் பெரும்பாலோர் திருப்பவில்லை.

இதை நாம் கவனிக்க வேண்டும். குழு ஆரம்பிக்கும்போது ஓடி ஓடி உழைப்பதை வைத்து ஒருவர் குணத்தை முடிவு செய்ய முடியாது. தற்பெருமை உள்ளவர் விழாவில் மைக் இருந்தால் தாராளமாக நன்கொடை சொல்வார், அதையும் பார்த்திருக்கிறோம்.

மறுபக்கம், எதற்கெடுத்தாலும் "கணக்கைக் காட்டு" என்று கேட்கிற சகோதரியை சண்டைக்காரி என்று ஒதுக்கிவிடுகிறோம். ஏதோ ஒரு சீட்டில் பணத்தை விட்டவராக இருக்கலாம். சந்தேகப்படுகிறவர் ஏமாற்றுகிறவர் அல்ல. என் அனுபவத்தில், அப்படி ஒருவர் இருக்கிற குழுவில்தான் கணக்கு நேராக இருக்கிறது.

யாருக்கும் பட்டம் கட்ட வேண்டாம். ஊக்குநரும் பிரதிநிதிகளும் குறித்த காலத்தில் மாறட்டும். கூட்டத்தில் வரவு செலவை சத்தமாக வாசியுங்கள். பாஸ்புக்கை மாதம் ஒருமுறை எல்லோர் கைக்கும் சுற்ற விடுங்கள். படிக்கத் தெரியாத அக்காவுக்கு, நோட்டு எழுதுகிறவர் அல்லாத வேறொருவர் வாசித்துச் சொல்லட்டும்.