குணமளித்தவர் யாரைச் சுட்டிக்காட்டினார்?

(உலக நோயாளர் தினத்தையொட்டி வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. இறைமக்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே அச்சிடுகிறோம்.)



சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் என் அறைக்கு வந்தார். அவருடைய மகனுக்குப் பதினைந்து வயது. வலிப்பு நோய்க்கு மூன்று ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்டு வந்தான். உறவினர் ஒருவர் அவர்களை ஒரு சுகமளிக்கும் கூட்டத்திற்கு அழைத்துப் போயிருக்கிறார். மேடையில் இருந்தவர் பையனின் தலையில் கைவைத்து, “சுகமாயிற்று, இனி மாத்திரை எடுத்தால் அது அவிசுவாசம்” என்று சொல்லிவிட்டார். வீட்டில் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். பதினோராம் நாள் காலை பையன் கிணற்றடியில் விழுந்தான். தருமபுரி அரசு மருத்துவமனையில் நெற்றியில் ஏழு தையல். கிணற்றுக்குள் விழாதது கடவுளின் இரக்கம்.

அந்தத் தாய் அழுதுகொண்டே கேட்டார்: “சாமி, அங்கே நடக்க முடியாதவர் நடந்ததை நான் என் கண்ணால பார்த்தேன். சுகம் குடுக்கிறவர் கடவுள்கிட்டேருந்து வந்தவர்தானே? அப்போ அவர் சொல்றதெல்லாம் உண்மைதானே?”

இந்தக் கேள்வி அந்த வீட்டில் மட்டும் கேட்கப்படுவதில்லை. பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் பலரும் இதே கேள்வியோடுதான் ஊர் திரும்புகிறார்கள். ஆகவே இன்று இரண்டு மனிதர்களின் வாழ்க்கையை உங்களுக்குச் சொல்லப் போகிறேன். ஒருவர் அமெரிக்கர், மற்றவர் தமிழர். நான் சொன்ன அந்தக் கூட்டத்திற்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. ஆனால் அந்தத் தாயின் கேள்விக்கு இவர்களின் வரலாற்றில் விடை இருக்கிறது.

முதலாமவர் வில்லியம் பிரன்ஹாம். 1909ஆம் ஆண்டு அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் மிக ஏழ்மையான ஒரு குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு அதிகமில்லை. இளைஞராக இருக்கும்போது மனமாற்றம் பெற்று, பாப்டிஸ்ட் சபையில் போதகரானார். 1937இல் மனைவியையும் கைக்குழந்தையையும் அடுத்தடுத்து நோய்க்குப் பறிகொடுத்தார். துன்பம் அறிந்த மனிதர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. 1946இல் வானதூதர் ஒருவர் தமக்குத் தோன்றி, நோய்களைக் குணமாக்கும் வரத்தை அறிவித்ததாகக் கூறினார். அதன்பின் அவர் போன இடமெல்லாம் கூட்டம் திரண்டது. முன்பின் தெரியாத ஒருவரின் நோயையும், மனத்தில் உள்ளதையும் மேடையிலிருந்தே சொல்வார். ஐரோப்பா, தென்னாப்பிரிக்கா என்று பல நாடுகளுக்குச் சென்றார். 1954இல் பம்பாய்க்கும் வந்தார்.

சுவிட்சர்லாந்தில் அவருக்கு மொழிபெயர்ப்பாளராக நின்றவர் வால்டர் ஹோலன்வேகர் என்ற இறையியல் அறிஞர். பின்னாளில் பெந்தகோஸ்து இயக்கத்தைப் பற்றி விரிவான ஆய்வு நூல் எழுதியவர். பிரன்ஹாம் பிறருடைய நோயைச் சொன்ன விதம் தம்மை வியக்கவைத்ததை அவர் மறைக்கவில்லை. ஆனால் குணம் தேடி வந்தவர்களில் உண்மையாகவே குணமடைந்தவர்கள் சிறு பகுதியினரே என்பதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். அருகில் நின்று பார்த்தவரின் சாட்சி இது.

போகப் போக என்ன நடந்தது? குணமளிக்கும் மேடையாக இருந்தது புதுப் போதனையின் மேடையாயிற்று. தந்தை, மகன், தூய ஆவியார் என்னும் மூவொரு இறைவனைப் பற்றிய விசுவாசம் தவறு என்றார் பிரன்ஹாம். இயேசுவின் பெயரால் மட்டுமே திருமுழுக்குப் பெற வேண்டும், முன்பு பெற்றவர்களும் மறுபடி பெற வேண்டும் என்றார். ஏவாள் செய்த பாவம் பாம்போடு கொண்ட உடலுறவு, காயின் அதில் பிறந்தவன் என்று போதித்தார். கத்தோலிக்கத் திருச்சபை மட்டுமல்ல, அமைப்பாக இயங்கும் சபைகள் எல்லாமே கடவுளை விட்டு விலகியவை என்றார். மலாக்கி முன்னுரைத்த எலியாவும், திருவெளிப்பாட்டு நூலின் ஏழாம் வானதூதரும் அவரே என்று அவரைப் பின்பற்றியவர்கள் நம்பினார்கள். 1977ஆம் ஆண்டளவில் இவ்வுலக அமைப்புகள் முடிவுக்கு வரும் என்றும் அவர் கணித்திருந்தார்.

1965 டிசம்பர் 18இல் அவருடைய கார் விபத்துக்குள்ளானது. டிசம்பர் 24, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய நாள், அவர் இறந்தார். அடுத்த ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாக் காலம் வரை அவரது உடல் அடக்கம் செய்யப்படவில்லை. அவர் உயிர்த்தெழுவார் என்று பலர் காத்திருந்தார்கள். அவர் எழவில்லை. 1977ஆம் ஆண்டும் வந்து போயிற்று. ஆனாலும் அவருடைய உரைகள் இன்றுவரை தமிழ் உட்படப் பல மொழிகளில் நூலாகவும் ஒலிப்பதிவாகவும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

இரண்டாமவர் நம் தமிழ்நாட்டவர்: பாலாசீர் லாறி. 1921இல் பிறந்தவர். அவரும் கிறிஸ்தவ நற்செய்தியாளராகத்தான் தொடங்கினார். சுகமளிக்கும் கூட்டங்கள் நடத்தினார். அவற்றுக்கும் திரளான மக்கள் வந்தார்கள். பிரன்ஹாமின் போதனை அவரை ஆழமாகத் தொட்டது. 1963இல் மனுஜோதி ஆசிரமத்தை நிறுவினார். திருநெல்வேலிப் பகுதியில் உள்ள ஓடைமறிச்சான் அதன் இடமாயிற்று. பிரன்ஹாம் இறந்த பிறகு, லாறியே திரும்பி வந்த மானிட மகன் என்ற அறிவிப்பு எழுந்தது. பின்னர் அவர் ஸ்ரீ லஹரி கிருஷ்ணா என்றும், கல்கி அவதாரம் என்றும் அழைக்கப்பட்டார். 1989இல் அவரும் இறந்தார்.

சகோதர சகோதரிகளே, இந்த இருவரையும் கேலி செய்வதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அவர்களின் உள்ளத்தைத் தீர்ப்பிட நான் யார்? அது கடவுளின் வேலை. ஆனால் இந்த வரலாற்றில் ஒரு படிவரிசை தெரிகிறது. முதலில் ‘இயேசு குணமாக்குகிறார்’ என்ற செய்தி. அடுத்து, ‘இவர் வழியாக இயேசு குணமாக்குகிறார்’ என்ற செய்தி. அதன்பின், ‘இவர் சொல்வதை நம்பாதவர் இயேசுவை நம்பாதவர்’ என்ற செய்தி. கடைசியில், ‘இவரே அவர்’ என்ற செய்தி. ஒவ்வொரு படியும் சிறியதுதான். ஏறுகிறவருக்கு உயரம் தெரிவதில்லை.

திருத்தூதர் பணிகள் நூலின் 14ஆம் அதிகாரத்தை இன்று வீட்டில் எடுத்து வாசியுங்கள். லிஸ்திரா ஊரில், பிறவியிலேயே நடக்க முடியாத ஒருவரைப் பவுல் எழுந்து நடக்கச் செய்கிறார். குணம் உண்மையானது. ஊர் மக்கள் உடனே, தெய்வங்கள் மனித உருவில் இறங்கிவிட்டன என்று கூவுகிறார்கள். காளைகளும் பூமாலைகளும் வந்துவிட்டன. பவுலும் பர்னபாவும் என்ன செய்தார்கள்? தங்கள் மேலுடைகளைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்து, நாங்களும் உங்களைப் போன்ற மனிதர்களே என்று கதறினார்கள். கடவுளின் மனிதரை அடையாளம் காட்டியது அந்தக் கிழிந்த மேலுடை. குணமளித்த கை யாரைச் சுட்டிக்காட்டுகிறது என்று பாருங்கள். அது ஆண்டவரைச் சுட்டினால் நன்றி சொல்லுங்கள். தன்னையே சுட்டினால் விலகிவிடுங்கள்.

ஆகவே அந்தத் தாய் கேட்டது ஒரு கேள்வி அல்ல, இரண்டு. குணம் நடந்ததா என்பது ஒன்று. சொன்ன போதனை உண்மையா என்பது வேறொன்று. முதலாவது மெய்யென்று வைத்துக்கொண்டாலும், இரண்டாவது தானாக மெய்யாகிவிடாது. இதை இணைச்சட்ட நூல் 13ஆம் அதிகாரமே எச்சரிக்கிறது: ஓர் அடையாளம் சொன்னபடி நிறைவேறினாலும், அதைச் செய்தவர் உங்களை வேறு தெய்வங்களிடம் அழைத்தால் அவருக்குச் செவிகொடுக்கக் கூடாது.

இப்போது மூவொரு இறைவனைப் பற்றி. ‘அந்தச் சொல் விவிலியத்தில் எங்கே இருக்கிறது’ என்று உங்களை மடக்குவார்கள். சொல் பின்னால் வந்தது என்பது உண்மைதான். உண்மை முன்னாலேயே இருந்தது. யோர்தானில் மகன் நீரில் நிற்கிறார், தூய ஆவியார் புறாவைப் போல இறங்குகிறார், தந்தையின் குரல் வானிலிருந்து கேட்கிறது. மத்தேயு நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில், தந்தை, மகன், தூய ஆவியார் பெயரால் திருமுழுக்குக் கொடுக்க ஆண்டவரே கட்டளையிடுகிறார். திருத்தூதர் பணிகள் நூலில் ‘இயேசுவின் பெயரால்’ என்று வருவது, யோவானின் திருமுழுக்கு அன்று, இயேசுவுக்கு உரியவராகும் திருமுழுக்கு என்பதைக் குறிக்கவே. தொடக்கக் காலத் திருச்சபையின் ‘திதாக்கே’ என்னும் ஏடும் மூவரின் பெயரைச் சொல்லித்தான் திருமுழுக்குக் கொடுக்கச் சொல்கிறது. முறையாக ஒருமுறை பெற்ற திருமுழுக்கு வாழ்நாள் முழுதும் நிலைக்கும். யாருக்கும் அதை இரண்டாம் முறை கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெந்தகோஸ்து சகோதரர்கள் எல்லாரும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அசெம்பிளிஸ் ஆஃப் காட் சபையில் இந்தத் திரித்துவ மறுப்பு தலைதூக்கியபோது, 1916லேயே அவர்கள் மூவொரு இறைவனில் தங்கள் விசுவாசத்தை எழுத்தில் உறுதிசெய்தார்கள். 1972 முதல் நம் திருச்சபையும் பெந்தகோஸ்து சபையினர் பலரும் அமர்ந்து உரையாடி வருகிறோம். அவர்களுடைய செபப் பற்றும் விவிலியப் பற்றும் நமக்குப் பாடம். பக்கத்து வீட்டுப் பெந்தகோஸ்து குடும்பத்தோடு வழக்காடுவதற்கு இந்த மறையுரையை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

குணம் வேண்டிச் செபிப்பதைத் திருச்சபை தடுக்கிறதா? ஒருபோதும் இல்லை. நோயில்பூசுதல் என்னும் அருளடையாளமே அதற்காக நம்மிடம் உண்டு. 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் குணமளிக்கும் செபங்களைப் பற்றி ஓர் அறிவுரை ஏட்டை வெளியிட்டது. செபியுங்கள், ஆனால் கூச்சல், நாடகத்தன்மை, பரபரப்பு ஆகியவற்றுக்கு இடம் கொடுக்காதீர்கள் என்பது அதன் சாரம். லூர்து நகரைப் பாருங்கள். 1883 முதல் அங்கே மருத்துவர்களின் அலுவலகம் ஒன்று இயங்குகிறது. குணமடைந்தேன் என்று ஆயிரக்கணக்கானோர் அறிவித்திருக்கிறார்கள். பல ஆண்டு ஆய்வுக்குப் பின் திருச்சபை புதுமை என்று ஏற்றவை எழுபதைச் சற்றே தாண்டும். தன் புதுமையை மருத்துவரின் கையில் கொடுத்துச் சோதிக்கச் சொல்லும் துணிவு விசுவாசத்துக்கு உண்டு. சீராக் நூல் 38ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கச் சொல்கிறது, ஏனெனில் அவரையும் ஆண்டவரே படைத்தார். ஆகவே, ‘மாத்திரையை நிறுத்து’ என்று யார் சொன்னாலும், அது நானாகவே இருந்தாலும், கேட்காதீர்கள். குணமாகிவிட்டதா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

கடைசியாக, என் மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். அந்தத் தாயிடம் நான், “ஏனம்மா அங்கே போனீர்கள்?” என்று கேட்டேன். அவர் தயங்கிச் சொன்னார்: “சாமி, பையனுக்குச் செபிக்கச் சொல்லி மூணு தடவை உங்ககிட்ட வந்தேன். திருவிழா வேலை இருக்கு, அப்புறம் வாங்கன்னு சொன்னீங்க. அவங்க வீட்டுக்கே வந்து ராத்திரி பத்து மணி வரைக்கும் முட்டி போட்டுச் செபிச்சாங்க.” எனக்குப் பதில் இல்லை. கொடிமரத்துக்கு வண்ணம் அடிக்க எனக்கு நேரம் இருந்தது. ஒரு பிள்ளையின் தலையில் கைவைக்க நேரம் இல்லை. அவர்கள் செய்த தவறான போதனையைப் பற்றி நான் எவ்வளவு பேசினாலும், அந்த மூன்று நாள்களுக்கு நான் ஆண்டவரிடம் கணக்குக் கொடுக்க வேண்டும்.

ஆதலால் இனி ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளி மாலைத் திருப்பலிக்குப் பின் நோயாளர்களுக்காக நம் ஆலயத்தில் சிறப்புச் செபம் நடக்கும். வர முடியாதவர்களின் வீட்டுக்கு நான் வருவேன். அன்பியப் பொறுப்பாளர்கள் பெயர்களைத் தயங்காமல் கொடுங்கள். நான் மறந்தால் நினைவூட்டுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.

அந்தப் பையன் இப்போது ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறான், பள்ளிக்குப் போகிறான். சென்ற ஞாயிறு பீடத்தில் எனக்கு உதவி செய்தான். நெற்றியில் தழும்பு இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் அவனுக்காகவும் எனக்காகவும் செபிக்கிறேன். நீங்களும் செபியுங்கள்.

தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே. ஆமென்.