இறந்தவர் குரலில் புதுப் பாட்டு... அனுமதி கொடுக்க வேண்டியது யார்? ஏஐ குரலும் சட்டச் சிக்கலும் - முழு விளக்கம்

பாடகர் சாகுல் ஹமீது 1997-ல் கார் விபத்தில் உயிரிழந்தார். ‘திருடா திருடா’, ‘ஜென்டில்மேன்’, ‘காதலன்’ படங்களில் ஒலித்த அந்தக் குரலை 90ஸ் கிட்ஸ் இன்னமும் மறக்கவில்லை. பாடகர் பம்பா பாக்யா 2022 செப்டம்பரில் காலமானார். இந்த இரண்டு பேரும் 2024-ல் வெளியான ‘லால் சலாம்’ படத்தில் புதுப் பாட்டு பாடியிருக்கிறார்கள்.

பழைய ரெக்கார்டிங்கைத் தூசி தட்டி எடுத்துப் போட்டது இல்லை. புது மெட்டு, புது வரிகள். குரல் மட்டும் அவர்களுடையது. ஏஐ எனப்படும் செயற்கை நுண்ணறிவு மூலம் இதைச் செய்தார் இசையமைப்பாளர் ஏ.ஆர்.ரகுமான்.

பாட்டு வந்ததும் ஒரு பக்கம் நெகிழ்ச்சி, இன்னொரு பக்கம் கேள்வி. இறந்தவரிடம் யார் அனுமதி கேட்டது? இரண்டு குடும்பங்களிடமும் அனுமதி வாங்கி, உரிய சன்மானமும் அனுப்பிய பிறகே குரலைப் பயன்படுத்தியதாக ரகுமான் எக்ஸ் தளத்தில் விளக்கம் கொடுத்தார். பலருக்கும் அது நிம்மதியான பதிலாக இருந்தது.

ஆனால், அவர் அப்படி அனுமதி கேட்கவில்லை என்றால் என்ன ஆகியிருக்கும்? சட்டம் தடுத்திருக்குமா? இங்கேதான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

ஒரு குரலை எப்படி ‘காப்பி’ எடுக்கிறார்கள்?

‘கம்ப்யூட்டரே பாடிடுது’ என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு.

முதல் வேலை, பாடகரின் பழைய பாடல்களைச் சேகரிப்பது. அவற்றில் இருந்து தபேலா, வயலின், கோரஸ் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுக் குரலை மட்டும் தனியாகப் பிரிப்பார்கள். இந்தப் பிரிக்கும் வேலையையும் இன்று மென்பொருளே செய்துவிடுகிறது.

இரண்டாவது, பயிற்சி. பிரித்தெடுத்த குரல் பதிவுகளை ஏஐ மாடலுக்குக் கொடுப்பார்கள். குரலின் கனம், மூக்கொலி, ஒரு எழுத்தை அவர் எப்படி இழுப்பார், எங்கே அழுத்துவார் என்பதையெல்லாம் அது எண்களாக மாற்றிக் கற்றுக்கொள்ளும். இந்தக் கட்டத்தில் குரல் என்பது டேட்டா ஆகிவிடுகிறது.

மூன்றாவது, ஸ்டூடியோவில் வேறொரு பாடகர் புதுப் பாட்டைப் பாடுவார். சினிமா வழக்கில் சொன்னால் ‘டிராக்’ பாடுவது. அந்தப் பதிவை மாடலுக்குள் அனுப்பினால், மெட்டு, தாளம், மூச்சு, உணர்ச்சி எல்லாம் டிராக் பாடியவருடையதாகவே இருக்கும். குரலின் தன்மை மட்டும் மறைந்த பாடகருடையதாக மாறி வெளியே வரும்.

அப்படியென்றால் ஒரு ஏஐ பாட்டுக்குப் பின்னால் இரண்டு மனிதர்களின் உழைப்பு இருக்கிறது. ஒருவர் தன் காலத்தில் பாடி வைத்துவிட்டுப் போனவர். இன்னொருவர் இன்று மைக் முன்னால் நின்று பாடியவர்.

தமிழ் சினிமாவில் வேறு எங்கெல்லாம்?

2024-ல் வெளியான விஜய்யின் ‘தி கோட்’ படத்தில் இரண்டு இடங்களில் இந்தத் தொழில்நுட்பம் பேசுபொருளானது. அந்த ஆண்டு ஜனவரியில் மறைந்த பாடகி பவதாரிணியின் குரல் ஒரு பாடலில் ஏஐ மூலம் ஒலித்தது. இசை, அவரது தம்பி யுவன் சங்கர் ராஜா. குடும்பமே செய்த அஞ்சலி என்பதால் அங்கே அனுமதி பற்றிய கேள்வி எழவில்லை.

அதே படத்தில், 2023 டிசம்பரில் மறைந்த விஜயகாந்த் ஏஐ மூலம் திரையில் தோன்றினார். படக்குழு குடும்பத்தினரைச் சந்தித்துப் பேசியது. ஆனால் படம் வருவதற்கு முன்பே, முன் அனுமதி இல்லாமல் யாரும் விஜயகாந்தை ஏஐ மூலம் படங்களில் பயன்படுத்தக் கூடாது என்று பிரேமலதா விஜயகாந்த் அறிக்கை வெளியிட வேண்டி வந்தது.

‘வேட்டையன்’ கதை இன்னும் சுவாரஸ்யம். அமிதாப் பச்சனுக்கு முதலில் பிரகாஷ் ராஜ் தமிழில் குரல் கொடுத்திருந்தார். முன்னோட்டத்தைப் பார்த்த ரசிகர்கள், அமிதாப் முகத்துக்கு அந்தக் குரல் ஒட்டவில்லை என்றார்கள். அதன் பிறகு ஏஐ உதவியோடு அமிதாப்பின் குரலிலேயே தமிழ் வசனம் வரும்படி மாற்றியதாகச் செய்திகள் வெளியாகின. தமிழ் தெரியாத நடிகர் தன் சொந்தக் குரலிலேயே தமிழ் பேசலாம் என்ற நிலை வந்துவிட்டது.

அனுமதி கேட்காவிட்டால் என்ன ஆகும்?

இதற்கு உதாரணம் எஸ்.பி.பாலசுப்ரமணியம் குடும்பம் அனுப்பிய நோட்டீஸ். 2023-ல் வெளியான ‘கீடா கோலா’ என்ற தெலுங்குப் படத்தில், தங்களிடம் கேட்காமலேயே எஸ்.பி.பி குரலை ஏஐ மூலம் பயன்படுத்தியதாகக் குற்றம்சாட்டி, அவரது மகன் எஸ்.பி.சரண் தயாரிப்புத் தரப்புக்கும் இசையமைப்பாளருக்கும் 2024-ல் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். தொழில்நுட்பத்தின் மேல் கோபம் இல்லை, சொல்லாமல் செய்ததில்தான் வருத்தம் என்பது குடும்பத்தின் நிலைப்பாடு.

ரகுமான் அனுமதி கேட்டார், இங்கே கேட்கவில்லை என்பது புகார். இரண்டுக்கும் நடுவில் சட்டம் எங்கே நிற்கிறது?

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் ஏஐ குரலுக்கென்று தனிச் சட்டம் இல்லை. இருக்கும் சட்டங்களை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

முதலில் காப்புரிமைச் சட்டம். 1957-ம் ஆண்டுச் சட்டத்தில் பாடகர், நடிகர் போன்ற கலைஞர்களுக்குத் தனி உரிமை இருக்கிறது. அவர்கள் பாடியதை, நடித்ததை 50 ஆண்டுகளுக்கு இது பாதுகாக்கிறது. தங்கள் பெயரைக் கெடுக்கும்படி அதைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையை 2012 திருத்தம் கொடுத்தது. ஆனால் இதெல்லாம் ஒருவர் பாடிய பாட்டுக்கு. அவர் பாடவே பாடாத பாட்டுக்கு? குரல் என்ற தன்மைக்கென்று காப்புரிமை கிடையாது.

அடுத்தது ஆளுமை உரிமை. ஒரு பிரபலத்தின் பெயர், முகம், குரல், ஸ்டைல் ஆகியவற்றை அவர் அனுமதி இல்லாமல் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது இதன் சாரம். இதற்கும் தனிச் சட்டப் பிரிவு இல்லை, நீதிமன்றத் தீர்ப்புகள் வழியாக வளர்ந்தது.

2015-ல் ரஜினிகாந்த் தொடர்ந்த வழக்கில், அவர் பெயரையும் ஸ்டைலையும் வைத்து எடுக்கப்பட்ட இந்திப் படத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அமிதாப் பச்சன் 2022-லும், அனில் கபூர் 2023-லும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்பு பெற்றார்கள். 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங் வழக்கில், அவர் குரலை ஏஐ மூலம் அனுமதியின்றி உருவாக்குவது தவறு என்று பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது.

கவனித்தீர்களா? இவர்கள் எல்லோருமே வழக்குத் தொடர்ந்தபோது உயிரோடு இருந்தவர்கள்.

இறந்துவிட்டால் உரிமையும் போய்விடுமா?

இங்கேதான் பெரிய ஓட்டை. ஜெயலலிதா வாழ்க்கையை வைத்து எடுத்த ‘தலைவி’ படத்தை எதிர்த்து அவரது அண்ணன் மகள் ஜெ.தீபா தொடர்ந்த வழக்கில் 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. ஒருவர் வாழும்போது சம்பாதித்த அந்தரங்க உரிமையும் நற்பெயரும் அவர் மரணத்தோடு முடிந்துவிடும், வீடு நிலம் போல வாரிசுக்குப் போய்ச் சேராது என்பது அதன் சாரம். நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத்தின் தந்தை தொடர்ந்த வழக்கில் 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றமும் இதே திசையில்தான் சென்றது.

அந்த இரண்டு வழக்குகளும் வாழ்க்கைக் கதைப் படங்களைப் பற்றியவை, ஏஐ குரலைப் பற்றியவை கிடையாது. நாளைக்கு ஏஐ குரல் வழக்கு வந்தால் நீதிமன்றம் வேறு விதமாகப் பார்க்கலாம். ஆனால் இன்றைய தேதிக்கு, மறைந்த பாடகரின் குடும்பம் ‘இது எங்கள் உரிமை’ என்று அடித்துச் சொல்ல உறுதியான சட்டப் பிடிமானம் இல்லை.

அதாவது ரகுமான் அனுமதி கேட்டதும், சன்மானம் கொடுத்ததும் அவர் கடைப்பிடித்த நெறி. எல்லோரும் அதைக் கடைப்பிடிப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

மற்ற நாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் 2023-ல் நடிகர்கள் சங்கம் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தது. சம்பளத்தோடு அவர்கள் வைத்த முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று ஏஐ. கடைசியில் போடப்பட்ட ஒப்பந்தத்தில், ஒரு நடிகரின் டிஜிட்டல் நகலை உருவாக்க அவர் சம்மதம் வேண்டும், பணமும் தர வேண்டும் என்பது எழுத்தில் வந்தது.

2024 மார்ச்சில் டென்னசி மாகாணம், குரலையும் பாதுகாக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. எல்விஸ் பிரெஸ்லி வாழ்ந்த மாகாணம் என்பதால் ‘எல்விஸ் சட்டம்’ என்றே பெயர். அதே ஆண்டு செப்டம்பரில் கலிபோர்னியா, மறைந்த கலைஞர்களின் டிஜிட்டல் நகலைப் படங்களில் பயன்படுத்த அவர்கள் வாரிசுகளின் சம்மதம் தேவை என்று சட்டம் போட்டது.

தன் வாழ்நாளிலேயே முடிவெடுத்தவரும் உண்டு. ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களின் டார்த் வேடருக்குக் குரல் கொடுத்த ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ், தன் பழைய பதிவுகளை வைத்து ஏஐ மூலம் அந்தக் குரலை உருவாக்கத் தானே சம்மதம் கொடுத்தார். 2024-ல் அவர் மறைந்தபோது, அவர் என்ன விரும்பினார் என்று யாரும் ஊகிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

உண்மையில் யாருக்கு ஆபத்து அதிகம்?

எஸ்.பி.பி குரல் என்றால் ஊருக்கே தெரியும். கேட்காமல் எடுத்தால் ரசிகர்களே கேள்வி கேட்பார்கள். பெரிய நடிகர் என்றால் கோர்ட்டுக்குப் போக வசதி இருக்கிறது. அந்த ரஜினி வழக்கிலேயே, ஆளுமை உரிமை பிரபலம் என்ற நிலையை அடைந்தவர்களுக்குரியது என்றுதான் நீதிமன்றம் குறிப்பிட்டது.

அப்படியானால் பெயர் தெரியாத டப்பிங் கலைஞருக்கு? டிராக் பாடிவிட்டுப் போகும் இளம் பாடகருக்கு? சீரியலில் தினமும் நாம் கேட்கும் குரல் யாருடையது என்பது நமக்கே தெரியாது. அந்தக் குரலை மாடலாக மாற்றிவிட்டால், அடுத்த 100 எபிசோடுக்கு அவரைக் கூப்பிடாமலேயே வேலையை முடிக்க முடியும். ‘இது என் குரல்’ என்று நிரூபிப்பதே அவருக்குப் பெரிய போராட்டமாக இருக்கும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அமிதாப்புக்கு அவர் குரலிலேயே தமிழ் பேச முடிகிறது என்றால், நாளை எல்லா மொழி நட்சத்திரங்களுக்கும் அது நடக்கும். அப்போதும் வசனத்தைத் தமிழில் உணர்வோடு பேச ஒரு ஆள் வேண்டும். ஆனால் திரையில் கேட்பது அவர் குரலாக இருக்காது. அந்த உழைப்புக்கு எவ்வளவு சம்பளம், டைட்டில் கார்டில் பெயர் வருமா என்பதெல்லாம் இனிமேல் பேசித் தீர்க்க வேண்டியவை.

பெரிய நடிகருக்கும் ஒப்பந்தம்தான் கவசம்

ஒப்பந்தத்தில் இல்லாத உரிமை நட்சத்திரத்துக்கும் கைகொடுக்காது என்று காட்டியது ‘ராஞ்ஜனா’. தனுஷ் நடித்து 2013-ல் வந்த இந்த இந்திப் படம், தமிழில் ‘அம்பிகாபதி’. நாயகன் இறப்பதோடு முடியும் கதை. 2025 ஆகஸ்டில், ஏஐ மூலம் நாயகன் பிழைத்துக்கொள்வது போல முடிவை மாற்றி மறுவெளியீடு செய்தது ஈராஸ் நிறுவனம். இயக்குநர் ஆனந்த் எல்.ராய் கடுமையாக எதிர்த்தார். தன் எதிர்ப்பையும் மீறி வெளியிட்டதாகவும், படத்தின் ஆன்மாவே போய்விட்டதாகவும் தனுஷ் வருத்தம் தெரிவித்தார். படத்தின் உரிமை தங்களிடம் இருப்பதாக நிறுவனம் சொன்னது. படம் தியேட்டருக்கு வந்தேவிட்டது.

ஒப்பந்தத்தில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பாடகர், டப்பிங் கலைஞர், யூடியூப் விளம்பரத்துக்குக் குரல் கொடுப்பவர் யாராக இருந்தாலும் கையெழுத்துப் போடும் முன் இந்த ஐந்து விஷயங்களைக் கவனிப்பது நல்லது.

1. கொடுக்கும் பதிவு இந்த ஒரு படத்துக்கு மட்டுமா, ஏஐ மாடலைப் பயிற்றுவிக்கவும் பயன்படுத்தலாமா என்பது தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

2. ‘இனி வரப்போகும் அனைத்துத் தொழில்நுட்பங்களிலும், நிரந்தரமாக’ என்பது போன்ற வாசகம் இருந்தால் அப்படியே விட்டுவிடக் கூடாது. ஏஐ நுழைவதற்கான கதவு அது.

3. ஏஐ குரலைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு முறைக்கும் தனிச் சம்பளம் உண்டா என்று கேட்க வேண்டும்.

4. குரலை எந்தெந்த விஷயத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று குறிப்பிட வேண்டும். அரசியல் பிரசாரம், மது விளம்பரம், ஆபாச வசனம் போன்றவை இதில் வரும்.

5. தனக்குப் பிறகு குரலுக்கு யார் அனுமதி கொடுக்கலாம், அல்லது யாருமே கொடுக்கக் கூடாதா என்பதையும் எழுதி வைக்கலாம். சட்டம் தெளிவாக இல்லாத இடத்தில், கலைஞரின் விருப்பம் எழுத்தில் இருப்பது குடும்பத்துக்கு ஒரு பிடிமானம்.

தனி ஆளாக இதையெல்லாம் கேட்டால், ‘அப்ப வேற ஆளைப் பார்த்துக்கிறோம்’ என்ற பதில் வரலாம். அதனால்தான் அமெரிக்காவில் இந்த வேலையைச் சங்கம் செய்தது. இங்கேயும் பாடகர்களுக்கும் டப்பிங் கலைஞர்களுக்கும் சங்கங்கள் இருக்கின்றன. எல்லா ஒப்பந்தத்திலும் ஒரே மாதிரியான ஏஐ பிரிவைச் சேர்க்க வைத்தால், பேரம் பேச முடியாத புதியவருக்கும் அதே பாதுகாப்பு கிடைக்கும்.

சாகுல் ஹமீது கடைசியாக மைக் முன்னால் நின்றபோது, தன் குரல் ஒரு நாள் தான் இல்லாமலேயே பாடும் என்று நினைத்திருக்க வாய்ப்பே இல்லை. அவரிடம் அப்போது யாரும் கேட்டிருக்கவும் முடியாது. இன்று ரெக்கார்டிங்குக்குப் போகும் பாடகரிடம் கேட்க முடியும். பாட்டைப் பதிவு செய்வதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.