அரவிந்தனுக்காக அழுத வீடுகள்

1960-ஐ ஒட்டி, நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' கல்கி வார இதழில் தொடராக வந்து முடிந்தபோது, ஊர் ஊராக ஒரே வாரத்தில் ஒரு சாவு விழுந்தது. அரவிந்தன் இறந்துவிட்டான். அச்சகத்தில் வேலை பார்த்தவன், கவிதை எழுதியவன், பூரணியைக் கைப்பிடிக்காமலே போனவன். காகிதத்தில் மட்டுமே வாழ்ந்த அவனுக்காக அழுதவர்கள் அதோடு விடவில்லை. பிறந்த பிள்ளைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயர் வைத்தார்கள். இன்று அறுபது வயதை ஒட்டி நிற்கும் அரவிந்தன்களில் பலருக்கு அந்தப் பெயர் வந்தது ஒரு தொடர்கதையிலிருந்துதான்.

அந்த நாவல் தொடங்குவதே துக்க வீட்டில். மதுரை திருப்பரங்குன்றத்தில் தமிழ்ப் பேராசிரியர் அழகியசிற்றம்பலம் இறந்துபோகிறார். தாயும் முன்பே இல்லை. இரண்டு தம்பிகளும் ஒரு தங்கையும் பூரணியின் பொறுப்பாகிறார்கள். இனி அடுப்பு எப்படி எரியும், வாடகை எப்படிக் கொடுப்பது, தம்பிகளின் படிப்பு என்னாகும் என்ற கவலை அழுகை ஓய்வதற்குள்ளேயே வந்துவிடுகிறது. குடும்பத்தில் மூத்த பெண்ணாகப் பிறந்தவர்கள் அந்த இடத்தை எப்படிப் படித்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் அன்றைய அழுகைக்குக் கதை மட்டும் காரணமில்லை, அது வந்த விதமும் காரணம். நாவல் மொத்தமாகக் கையில் கிடைக்காது. வாரம் ஓர் அத்தியாயம். பாத்திரத்துக்குக் காய்ச்சல் என்று ஒரு வாரம் நிறுத்தினால், வாசகருக்கும் ஏழு நாள் காய்ச்சல்தான். அந்த ஏழு நாளும் கிணற்றடியிலும் ஆபீஸிலும் அதே பேச்சு: பிழைப்பானா, மாட்டானா? கதையில் வரும் மனிதர்கள் மாதக்கணக்கில் வீட்டோடு இருந்துவிட்டுச் சாகும்போது, உறவில் ஒருவர் போனது போலத்தான் இருக்கும். இரண்டே ராத்திரியில் படித்து முடிக்கும் புத்தகத்தால் இந்தப் பழக்கத்தை உண்டாக்க முடியாது.

வீட்டுக்கு ஒரு பிரதிதான் வரும். யார் முதலில் படிப்பது என்பதில் சண்டை. அன்று தமிழ்நாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் எழுத்தறிவு. பெண்களிடம் அதைவிடக் குறைவு. ஆகவே பள்ளிக்கூடம் போகும் பெண்ணொருத்தி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையிலோ கூடத்திலோ உட்கார்ந்து வாய்விட்டுப் படிப்பாள். பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டு மாமி எல்லாரும் கேட்பார்கள். அழ வேண்டிய இடம் வந்ததும் படிப்பவளுக்குக் குரல் கம்மும். "நிறுத்தாதேடி, மேலே படி" என்று பாட்டி மூக்கைச் சிந்திக்கொண்டே அதட்டுவாள். கணவனை இழந்து நாற்பது வருஷமான ஒருத்திக்கு, தன் துக்கத்தைத் தன் பெயரில் மறுபடி அழ உரிமையில்லாத ஒரு வீட்டில், கதாநாயகியின் பெயரில் அழ ஒரு மதியம் கிடைத்தது. தொடர்கதைகளை மட்டமாகப் பேசுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

தொடர் முடிந்ததும் பக்கங்களைக் கிழித்து அடுக்கி, பைண்டரிடம் கொடுத்துக் காலிகோ அட்டை போட்டு வைத்துக்கொள்வார்கள். நடுவில் ஒரு வாரம் விட்டுப்போயிருக்கும். ஓவியங்களுக்குப் பின்பக்கம் துணுக்கும் தலைவலித் தைல விளம்பரமும் இருக்கும். அந்தத் தொகுப்பு தெரு முழுக்கச் சுற்றிவிட்டு, முனை மடங்கி, எண்ணெய்க் கறையோடு திரும்பி வரும். பழைய புத்தகக் கடைகளில் இன்றும் அவை கண்ணில் படுகின்றன. முதல் பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயரும் தேதியும் எழுதியிருந்தால் நான் விலை பேசாமல் வாங்கிவிடுவேன்.

அன்றைய நாவல்களின் துக்கத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. அதில் மரணம் பெரும்பாலும் அழகாக இருந்தது. நல்லவர்கள் இறந்தார்கள், இருந்தவர்கள் தியாகத்தால் உயர்ந்தார்கள். பூரணி அரவிந்தனின் நினைவோடே மிச்ச வாழ்நாளைக் கழிப்பதை வாசகர்கள் கைகூப்பி ஏற்றுக்கொண்டார்கள். துணையை இழந்த பெண் இன்னொரு வாழ்க்கை தேடலாம் என்று சொல்ல அந்தக் கண்ணீரில் இடமில்லை. மராத்தியிலிருந்து கா.ஸ்ரீ.ஸ்ரீ. தமிழாக்கிய காண்டேகரின் நாவல்களை அதே வீடுகள் அதே உருக்கத்தோடு வரவேற்றன. தி. ஜானகிராமனின் 'செம்பருத்தி' வேறு திசையில் போனது. அண்ணன் இறந்த பிறகு அந்தக் குடும்பத்தைத் தூக்கிச் சுமக்கும் தம்பியின் நீண்ட நாட்கள், வருஷங்கள், கூடத்தில் முளைக்கும் சிறுசிறு மனக்கசப்புகள் என்று, சாவுக்குப் பின்னால் ஒரு வீடு எப்படி வயதாகிறது என்பதை அது காட்டியது.

அங்கிருந்து இன்றைக்கு வந்தால், என் மேஜையில் இருப்பது இமையத்தின் 'செல்லாத பணம்'. 2020-க்கான சாகித்ய அகாடமி விருது பெற்றது. பொறியியல் படித்த ரேவதி, பெற்றோர் மனம் ஒப்பாமலே ஓர் ஆட்டோ ஓட்டுநரைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். பிறகு உடல் வெந்து, புதுச்சேரி ஜிப்மரின் தீக்காயப் பிரிவில் கிடக்கிறாள். நாவலின் பெரும்பகுதி அந்த வார்டின் வாசலில் நடக்கிறது. அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி எல்லாரும் காத்திருக்கிறார்கள். செலவழிக்கப் பணம் இருக்கிறது, வாங்குவதற்கு உயிர் இல்லை. இங்கே யாரும் உயர்ந்து நிற்பதில்லை. ஒருவர்மேல் ஒருவர் பழி போடுகிறார்கள், பேசாமல் விட்ட நாட்களை எண்ணிப் புழுங்குகிறார்கள், நடுவில் டீ குடிக்கப் போகிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்திரி கழித்த எவருக்கும் அந்த டீ தெரியும். இழப்பைப் பற்றி இதைவிட உண்மையாக அன்றைய தொடர்கள் எழுதவில்லை என்றே நினைக்கிறேன்.

ஆனால் இதைப் படித்து முடித்தவர் யாரிடம் போய்ச் சொல்வார்? வீட்டில் வேறு யாரும் அதைப் படித்திருப்பதில்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு 80 விழுக்காடு. ஆகவே இன்னொருவர் படித்துக் காட்டத் தேவையில்லை. எல்லாரும் படுத்த பிறகு கைபேசி வெளிச்சத்திலோ, பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு ஒலிநூலாகவோ, ஆளுக்கொரு நாவலை ஆளுக்கொரு வேகத்தில் முடிக்கிறார்கள். கல்கி வார இதழே 2020-இல் அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போய்விட்டது.

சாவு வீடும் கூடவே மாறிவிட்டது. முன்பு ஒப்பாரி இருந்தது. கழுத்தைக் கட்டிக்கொண்டு அழும் பெண்கள் இறந்தவரின் குணத்தையும் தங்கள் குறையையும் சேர்த்தே பாடுவார்கள். ஒருத்தி தொடங்கினால் இன்னொருத்தி எடுப்பாள். இப்போது நகரத்தில் ஃப்ரீசர் பெட்டி வருகிறது. வெளிநாட்டுப் பிள்ளையின் விமான நேரத்தை வைத்து எடுக்கும் நேரம் முடிவாகிறது. பதினாறாம் நாள் காரியம் பல வீடுகளில் மூன்றாம் நாளோடு முடிகிறது. அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டும். அழுது தீராத மிச்சத்தோடுதான் ஒருவர் இப்படிப்பட்ட நாவலைக் கையில் எடுக்கிறார். அன்று கதைக்காக அழுதபோது கூடச் சொந்தத் துக்கமும் வந்து சேர்ந்துகொண்டது; இன்று சொந்தத் துக்கத்துக்காகவே கதையைத் தேடிப் போகிறோம். தந்தையை இழந்த ஒரு தோழிக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், தாராசங்கர் பந்த்யோபாத்யாயவின் 'ஆரோக்கிய நிகேதனம்' தமிழாக்கத்தைக் கொடுத்தேன். நாடி பார்த்தே மரணத்தை அறிந்துவிடும் ஒரு கிராமத்து வைத்தியர், தன் சொந்த மகனின் நாடியிலும் அதையே அறியும் கதை. பல நாள் கழித்து அவள் பேசியது அந்த வைத்தியரைப் பற்றித்தான், அப்பாவைப் பற்றி இல்லை. அப்பாவைப் பற்றிப் பேச அதுதான் அவளுக்கு வழியாக இருந்தது.

ஈழத்துக் குடும்பங்களுக்கு இந்தத் தேடல் இன்னும் கனமானது. தமிழ்நதியின் 'பார்த்தீனியம்', சயந்தனின் 'ஆறா வடு' போன்ற போர்க்கால நாவல்களைப் புலம்பெயர்ந்த நாடுகளில் படிப்பவர்களில் பலர், தங்கள் வீட்டுச் சாவுக்கே போக முடியாதவர்கள்.

மாதம் ஒருமுறை நூலக அறையிலோ ஜூமிலோ கூடி, ஒரே நாவலைப் படித்துவிட்டுப் பேசும் வாசகர் வட்டங்கள் இப்போது பல ஊர்களில் இருக்கின்றன. அவற்றை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அங்கே உத்தி, நடை, அரசியல் எல்லாவற்றையும் பேசிவிட்டு, எந்த இடத்தில் அழுதோம் என்பதை மட்டும் சொல்லக் கூச்சப்படுகிறோம். அந்தக் கூச்சம் போக வேண்டும்.

கொரோனா பரவிய 2020-இலும் 2021-இலும் பல குடும்பங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் தங்கள் மனிதர்களைச் சுடுகாட்டுக்கு அனுப்பின. ஒப்பாரி இல்லை, கூட்டம் இல்லை, துக்கம் கேட்க வந்தவர்கள் இல்லை. அந்த நாட்களை முழுக்கத் தாங்கிய ஒரு தமிழ் நாவலுக்காகக் காத்திருக்கிறேன். வந்தால் அதை நான் தனியாகப் படிக்கப் போவதில்லை. அம்மாவையும் தங்கையையும் உட்காரவைத்து வாய்விட்டுப் படிக்கப் போகிறேன், வாரம் ஓர் அத்தியாயமாக.