உளி பட்ட மரமும் விரலும்

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி போகும் சாலையில் இருக்கிறது உலு திராம். இன்று வீடமைப்புப் பகுதிகளும் செம்பனையும் தெரிகிற அந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள் இருந்தன. பால் வெட்டியவர்களுக்குத் தெரியும், இருட்டோடு நிரைக்குப் போனால்தான் மங்கு நிறையும். வெயில் ஏறி, இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கினால் பட்டைக்குள் அழுத்தம் இறங்கிவிடும். சரி, விடியலில் வெட்டிய கோட்டில் வடியும் பாலும் சில மணி நேரத்தில் தானே நின்றுவிடுகிறதே? மரம் தன் காயத்தை மூடிக்கொள்கிறது.

பாலில் ரப்பர் துகள்களோடு லூட்டாய்டு என்ற நுண்ணிய பைகளும் மிதக்கின்றன. வெட்டுவாயில் அவை உடைந்ததும் ஹெவீன் என்ற புரதம் வெளியேறி, துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். பட்டைக்குள் இருக்கும் பால்குழாயின் வாய் அடைபடும். அடுத்த வெட்டுக்கு முன் உரித்தெடுக்கிற கோட்டுப்பால், வெட்டுவாயில் உறைந்து காய்ந்த பால்தான்.

பால் வெட்டும் அதே உளி விரலில் பட்டாலும் ஏறக்குறைய இதே கதைதான், ரசாயனம்தான் வேறு. முதலில் ரத்தக்குழாய் சுருங்கும். கிழிந்த சுவரில் கொலாஜன் நார் வெளியே தெரியும். ஓடுகிற ரத்தத்தில் ஒரு தட்டணு அங்கே நின்று ஒட்டுவது லேசான காரியமில்லை. வான் வில்லிபிராண்டு காரணி என்ற நீளமான புரதம் ஒரு பக்கம் கொலாஜனையும் மறுபக்கம் தட்டணுவையும் பிடித்துக்கொள்கிறது. ஒட்டிய தட்டணு உருமாறி, தன் உள்ளே இருக்கும் பைகளைக் கொட்டும். அதைக் கண்டு மற்றவை திரண்டு வரும். டிங்கி காய்ச்சல் வந்தால் வீடே எண்ணிக்கை கேட்கிற அதே பிளேட்லெட்தான் இது. நலமாக இருக்கும்போது மைக்ரோலிட்டருக்கு 150,000 முதல் 400,000 வரை இருக்கும்.

இந்த அடைப்பு மட்டும் தாங்காது. ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜனை த்ராம்பின் என்ற நொதி ஃபைப்ரின் இழையாக்குகிறது. பதின்மூன்றாம் காரணி இழைகளைக் குறுக்கே பிணைத்து இறுக்குகிறது. ரத்தம் இப்படி உறையக் கால்சியம் வேண்டும். கிளினிக்கில் சில பரிசோதனைக் குழாய்களில் கால்சியத்தைக் கட்டிப்போடும் உப்பு இருப்பதால்தான் அவற்றில் எடுத்த ரத்தம் உறைவதில்லை. அதுபோலவே ரப்பர் பால் உறையாதிருக்கத் தோட்டத்தில் அமோனியா விடுவார்கள்.

மரம் சீக்கிரம் மூடிக்கொண்டால் தோட்டத்துக்கு நஷ்டம். 1960களின் இறுதியில் அதைத் தள்ளிப்போட எத்திஃபோன் என்ற ரசாயனம் தோட்டத்துக்கு வந்தது. பட்டையில் பூசினால் எத்திலீன் வாயு வெளிப்பட்டு, அடைப்பு தள்ளிப்போகும். பால் நெடுநேரம் வடியும். மரத்தின் சம்மதத்தை யார் கேட்டார்கள்!

மனிதரிடம் இப்படி அடைப்பைத் தள்ளிப்போடுவது ஆஸ்பிரின். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. ஆஸ்பிரின் முடக்கிய நொதியை அதனால் மறுபடி உண்டாக்க முடியாது. தட்டணுவின் ஆயுளும் 7 முதல் 10 நாள்தான். புதியவை வந்து சேரும்வரை சின்னக் கீறல்கூடச் சற்று அதிக நேரம் கசியும். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர் காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டால், மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கொரு முறை எடுத்துப் பார்த்தால், அப்போதுதான் பின்னிய இழையும் பிய்ந்துவிடும்.