அல்போன்சாவுக்கு விருந்து, கிளிமூக்குக்கு யார்?

புது தில்லி: இந்தியாவும் அமெரிக்காவும் கூடிப் பேசும்போதெல்லாம் மாம்பழமும் பேச்சில் வந்துவிடுகிறது. அது எந்த மாம்பழம் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

2006 மார்ச் 2-ம் தேதி தில்லியில் அணுசக்தி உடன்பாட்டை பிரதமர் மன்மோகன் சிங்குடன் சேர்ந்து அறிவித்தார் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ். இந்திய மாம்பழத்தைச் சுவைக்க அமெரிக்கா காத்திருக்கிறது என்பதையும் அந்த மேடையிலேயே சொன்னார். பழ ஈயும் மாங்கொட்டைக் கூன்வண்டும் கூடவே வந்துவிடும் என்ற காரணத்தால் பல ஆண்டுகளாக மூடிக் கிடந்த சந்தை அது. 2007 ஏப்ரலில் 150 பெட்டி அல்போன்சா, கேசர் பழங்கள் விமானத்தில் அமெரிக்கா சென்று இறங்கின. பதிலுக்கு, 800 சி.சி.க்கு மேற்பட்ட ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள்கள் இந்தியாவுக்குள் வர அனுமதி கிடைத்தது. மாம்பழத்துக்கு மோட்டார் சைக்கிள் என்று தில்லியில் வேடிக்கையாகப் பேசப்பட்ட பண்டமாற்று இதுதான்.

கதவு திறந்தது, ஆனால் வாசற்படி உயரம். பழத்தைக் குறைந்தபட்சம் 400 கிரே அளவு கதிர்வீச்சுக்கு உட்படுத்த வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் இங்கேயே வந்து மேற்பார்வையிட வேண்டும் என்பதும் நிபந்தனையாக இருந்தது. கொரோனா காலத்தில் ஆய்வாளர்கள் வர இயலாததால் ஏற்றுமதி நின்றுபோனது. 2021 நவம்பரில் தில்லியில் நடைபெற்ற வர்த்தகக் கொள்கை மன்றக் கூட்டத்தில் உடன்பாடு ஏற்பட்ட பிறகே, 2022-ல் மீண்டும் தொடங்கியது. 2025 மே மாதத்தில் கதிர்வீச்சுக்கான ஆவணத்தில் குறை இருப்பதாகக் கூறி சுமார் 15 சரக்குகளை அமெரிக்க விமான நிலையங்களில் ஏற்க மறுத்துவிட்டனர். பழத்தில் பூச்சி இருந்ததாக எவரும் சொல்லவில்லை. தாளில்தான் தவறு.

இத்தனை பாடும் எவ்வளவு பழத்துக்காக? 2019-20-ல் அமெரிக்காவுக்குப் போனது 1,095 டன். இந்தியாவின் ஆண்டு மாம்பழ விளைச்சலோ சுமார் 2 கோடி டன். மாம்பழம் நட்பின் அடையாளமாகப் பயன்பட்ட அளவுக்கு வணிகமாகப் பயன்படவில்லை. பாகிஸ்தானுக்கும் இதே விருந்துதான் பரிமாறப்பட்டது. 2010-ல் இஸ்லாமாபாத் சென்ற அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளிண்டன் அந்நாட்டு மாம்பழத்துக்காகப் பரிந்து பேசினார்; 2011-ல் முதல் சரக்கு சிகாகோ சேர்ந்தது.

இந்த விருந்தில் சித்தூர் மாவட்டத்துக்கு இலை போடப்படவில்லை. வேலூரிலிருந்து சித்தூர் செல்லும் சாலையில், தமிழக எல்லையைத் தாண்டியதும் வருவது குடிபாலா மண்டலம். இந்த மாவட்டத்தில் பெருமளவில் விளைவது தோத்தாபுரி. தமிழகத்தில் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் அழைக்கப்படும் ரகம். மேசையில் வைத்து நறுக்கிச் சாப்பிடுவதற்கான பழமல்ல. கூழாக்கப்பட்டு, இரும்புப் பீப்பாய்களில் கப்பலேறும் பழம். சித்தூர், கிருஷ்ணகிரி ஆகிய இரு வட்டாரங்களில் மட்டும் சுமார் 65 கூழ் ஆலைகள் உள்ளன. செளதி அரேபியா, யேமன், நெதர்லாந்து போன்ற நாடுகளுடன் அமெரிக்காவும் இதன் முக்கிய வாடிக்கையாளர். வெப்பத்தால் பதப்படுத்தப்படுவதால் கூழுக்குக் கதிர்வீச்சும் வேண்டாம். அதிபர்களின் பாராட்டும் கிடைக்காது.

2025-ம் ஆண்டு விளைச்சல் அமோகம். முந்தைய ஆண்டின் கூழே ஆலைகளில் விற்காமல் தேங்கியிருந்தது. மேற்கு ஆசியப் போர்ச்சூழலில் வெளிநாட்டுத் தேவையும் குறைந்தது. விலை சரிந்தது. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்க்கும் என்று ஆந்திர அரசு அறிவித்தது. ஆலைகள் அந்த 8 ரூபாயைக்கூடத் தரவில்லை என்பது விவசாயிகளின் புகார். வெளி மாநிலக் கிளிமூக்கு சித்தூருக்குள் வரத் தடை விதிக்கப்பட, கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுத வேண்டிய நிலை ஏற்பட்டது. அமெரிக்காவுடன் தடையற்ற வர்த்தகம் பேசிக்கொண்டிருந்த அதே கோடையில், இரு இந்திய மாநிலங்களுக்கிடையே மாங்காய் லாரி நின்றது.

பருவம் முடிந்த கையோடு வந்தது அமெரிக்க வரி. ஆகஸ்ட் 7 முதல் இந்தியப் பொருள்களுக்கு 25 சதவீதம். ரஷிய எண்ணெய் வாங்கியதற்காக ஆகஸ்ட் 27 முதல் மேலும் 25 சதவீதம். இந்தோனேசியா, பிலிப்பின்ஸ், தாய்லாந்து, பாகிஸ்தான் ஆகிய நாடுகளுக்கு 19 சதவீதம், வியத்நாமுக்கு 20 சதவீதம் என்று நிர்ணயிக்கப்பட்டபோது இந்தியாவுக்கோ 50. ரஷிய எண்ணெய்க்கும் குடிபாலா தோப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் விலை பேரம் ஆலை வாசலில்தான் முடிகிறது. ஏற்றுமதியாளர் இழப்பதை ஆலை குறைக்கும், ஆலை குறைப்பதை விவசாயி ஏற்க வேண்டும்.

அதே ஆகஸ்ட் 7-ம் தேதி, தில்லியில் எம்.எஸ். சுவாமிநாதன் நூற்றாண்டு மாநாட்டில் பேசிய பிரதமர் நரேந்திர மோடி, விவசாயிகள், மீனவர்கள், கால்நடை வளர்ப்போரின் நலனில் சமரசம் இல்லை என்றும், அதற்காகத் தாம் பெரும் விலை கொடுக்க நேர்ந்தாலும் தயார் என்றும் அறிவித்தார். மக்காச்சோளம், சோயா, பால் பொருள்களுக்குக் கதவைத் திறக்க வேண்டும் என்ற அமெரிக்க நெருக்குதலுக்கான பதில் அது. நியாயமான பதில்தான். ஆனால் அது உள்ளே வரும் பொருளால் பாதிக்கப்படும் விவசாயிக்கான காப்பு. வெளியே போகும் பொருளை நம்பியிருக்கும் விவசாயியும் இந்நாட்டு விவசாயிதான் என்பது தில்லியின் வர்த்தகப் பேச்சில் அரிதாகவே ஒலிக்கிறது. ஜவுளி, இறால், வைரத்துக்காக வாதாட வலுவான சங்கங்கள் தில்லிக்கு வருகின்றன. கிளிமூக்குக்காக வருபவர்கள் குறைவு.

2025 நவம்பர் 14-ம் தேதி, தன் நாட்டில் விலைவாசி உயர்ந்ததால், வெப்பமண்டலப் பழங்கள், பழச்சாறுகள், தேநீர், காபி, நறுமணப் பொருள்கள் ஆகியவற்றுக்கு அதிபர் டிரம்ப் வரிவிலக்கு அளித்தார். 2026 பிப்ரவரியில் இந்தியாவுக்கான வரி 18 சதவீதமாகக் குறைக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அமெரிக்கப் பழங்கள், பதப்படுத்திய பழப் பொருள்கள் மீதான வரியைக் குறைக்க இந்தியாவும் இசைந்தது. அம்மாதம் 20-ம் தேதி, அவசரகாலச் சட்டத்தைக் காட்டி விதிக்கப்பட்ட வரிகள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இத்தகைய அறிவிப்புகளில் மாம்பழம் என்ற சொல்லைக் கண்டு சித்தூர் நிம்மதி அடைந்துவிட முடியாது. அமெரிக்கச் சுங்க அட்டவணையில் பறித்த பழத்துக்கு ஒரு எண், பதப்படுத்திய கூழுக்கு வேறு எண். விலக்கு என்பது பெயருக்கு அல்ல, எண்ணுக்கே கிடைக்கிறது. தில்லியிலிருந்து பேச்சுக்குப் போகும் அதிகாரிகளின் கோப்பில் கூழுக்கான எண் தனியாக எழுதப்பட வேண்டும்.